குளிர்விப்பானும் சற்காரியவாதமும்

ஒரு பொருளிடமிருந்து பெறப்படும் பயன் அப்பொருளுக்குள் முன்னரே இருந்ததா, அல்லது அதன்மேல் செய்யப்படும் வினையால் புதிதாகத் தோன்றியதா என்பது இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் வாதிட்ட கேள்விகளுள் ஒன்று. மண்ணும் குடமும், நூலும் ஆடையும், எள்ளும் எண்ணெயும் என ஒரு சில சான்றுப்பொருள்களையே எல்லாத் தரப்பினரும் இவ்வாதத்தில் மாற்றி மாற்றிக் கையாண்டனர். அவ்வரிசையில் இன்றைய மலிவுவிலைக் கணினியின் செயலியையும் அதன்மேல் பொருத்தப்படும் குளிர்விப்பானையும் சேர்த்துப் பார்ப்பது வெறும் விளையாட்டு அன்று. 3.2 கிகாஹெர்ட்ஸ் என்று பொறிக்கப்பட்டு விற்கப்படும் செயலி 4.5 இல் ஓடும்போது அந்தக் கூடுதல் வேகம் எங்கிருந்து வந்தது என்று தெளியாதவரை, எந்தக் குளிர்விப்பானை வாங்குவது, அதற்கு எவ்வளவு செலவிடுவது என்ற நடைமுறைக் கேள்விக்கும் ஒழுங்கான விடை கிடைப்பதில்லை.

கடைகளில் பிராசசர் என்று கேட்டு வாங்கப்படும் செயலி, கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களை, அதாவது நுண்ணிய மின் சுவிட்சுகளை, சில்லு எனப்படும் ஒரே சிலிக்கான் துண்டில் அடக்கியது. அவை அனைத்தும் ஒரு கடிகாரத் துடிப்புக்கு இசையத் திறந்தும் மூடியும் கணக்குகளைச் செய்கின்றன. நொடிக்கு நூறு கோடித் துடிப்பு ஒரு கிகாஹெர்ட்ஸ், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரத்துக்குள், சில்லின் மிக நீண்ட பாதையில் செல்லும் சைகையும் தன் இடத்தைச் சேர்ந்துவிட வேண்டும். சேரும் முன் அடுத்த துடிப்பு வந்துவிட்டால் விடை பிழையாகும். தயாரிப்பாளர் உறுதியளித்த துடிப்புக்கு மேல் செயலியை ஓட்டுவது ஓவர்கிளாக் செய்தல் எனப்படும். அப்போது மிகும் வெப்பத்தைச் சில்லிலிருந்து வாங்கி அறைக் காற்றில் சேர்ப்பது குளிர்விப்பானின் வேலை. விசிறியும் உலோகத் தகடுகளும் கொண்ட எந்தக் குளிர்விப்பானும் சில்லை அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறக்க வல்லதன்று. அது சில்லுக்கு எதையும் தருவதில்லை, அதிலிருந்து ஒன்றை அகற்றுவதோடு அதன் தொழில் முடிந்துவிடுகிறது. இக்கட்டுரையின் வாதம் முழுவதும் இந்த ஒரு செய்தியின் மேல்தான் நிற்கிறது.

இத்துறையில் பேர்பெற்ற சான்று 1998 ஆகஸ்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட செலரான் 300ஏ. மதர்போர்டு, அதாவது செயலி பொருத்தப்படும் தாய்ப்பலகை, தரும் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை நான்கரை மடங்காகப் பெருக்கி 300 மெகாஹெர்ட்ஸில் ஓடுமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. அந்த நான்கரை என்னும் பெருக்கு எண்ணை எவரும் மாற்ற முடியாதபடி நிறுவனம் பூட்டியும் வைத்திருந்தது. ஆனால் பெருக்கப்படும் எண் பூட்டப்படவில்லை. 66 ஐ 100 ஆக்கியபோது செயலி 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பலரிடம் மின்னழுத்தத்தைக் கூட்டாமலேயே ஓடியது. சில மதர்போர்டுகளில் இதற்குப் பயாஸ் என்னும் தொடக்க அமைப்பில் ஒரு வரியை மாற்றினாலே போதும். மற்றவற்றில் செயலி அட்டையின் பி21 என்னும் தொடுமுனையை ஒரு சிறு ஒட்டுநாடாவால் மறைத்துவிட்டால், போர்டு அதனை 100 மெகாஹெர்ட்ஸ் செயலி என்றே நம்பியது. செலரானின் வெளியீட்டு விலை 149 டாலர். அதே வேளையில் வெளிவந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2 இன் விலை 669 டாலர். பட்டியலிட்ட வெப்ப வெளியீடு ஏறத்தாழ 19 வாட்டே என்பதால், வேகம் ஒன்றரை மடங்கானபோதும் ஓரளவு பெரிய அலுமினியத் தகட்டடுக்கும் ஒரு நல்ல விசிறியும் அதற்குப் போதுமானவையாக இருந்தன.

அந்த 150 மெகாஹெர்ட்ஸ் முன்னரே அங்கு இருந்ததா? ஆம் என்பது, தொடக்கத்தில் சொன்ன தத்துவ மரபுகளுள் ஒன்றான சாங்கியத்தைச் சார்ந்த சாங்கியரின் விடையாக இருந்திருக்கும். காரியம், அதாவது விளைபொருள், தோன்றுவதற்கு முன்பும் தன் காரணத்துள் நுண்ணிலையில் உள்ளது என்னும் கொள்கைக்குச் சற்காரியவாதம் என்று பெயர். இதனை நிலைநாட்ட ஈசுவரகிருட்டிணரின் சாங்கிய காரிகை ஐந்து காரணங்களை அடுக்குகிறது. இல்லாததை உண்டாக்க இயலாது. குறிப்பிட்ட விளைவுக்குக் குறிப்பிட்ட மூலப்பொருளையே நாடுகிறோம். எதிலிருந்தும் எதுவும் வந்துவிடுவதில்லை. ஆற்றல் உடையது தன்னால் இயன்றதையே செய்கிறது. விளைவு காரணத்தின் இயல்பையே உடையது. எண்ணெய் வேண்டுவோர் மணலை ஆட்டாமல் எள்ளை ஆட்டுவது இதனால்தான். இக்கொள்கைப்படி படைப்பு என்று ஒன்று இல்லை, வெளிப்பாடு மட்டுமே உண்டு. ஆதலால் உலகில் நிகழும் ஒவ்வொரு வினையும் ஏதோ ஒரு மறைப்பை நீக்கும் வினை.

இவ்வாறு கொண்டால் வினைசெய்பவர்க்கு என்ன இடம் என்பதற்குப் பதஞ்சலியின் யோக சூத்திரம், நான்காம் பாதத்தின் மூன்றாம் சூத்திரத்தில், ஓர் உழவனைக் காட்டி விடை தருகிறது. வியாசரின் உரை அதனை விரித்துச் சொல்கிறது: ஒரு வயலில் நிறைந்த நீரை அடுத்த வயலுக்குக் கொண்டுசெல்ல விரும்பும் உழவன் கையால் நீரை இறைத்துத் தள்ளுவதில்லை, இடையிலுள்ள வரப்பை வெட்டிவிடுகிறான், நீர் தானே பாய்கிறது. நிமித்தமாக நிற்பது இயற்கையைச் செலுத்துவதில்லை, அதனைத் தடுத்து நிற்பதை உடைக்கிறது என்பது அச்சூத்திரத்தின் கருத்து. செயலியின் தலைமேல் அமர்ந்திருக்கும் செம்பும் அலுமினியமும் செய்வது வரப்பு வெட்டும் அதே வேலைதான். நீருக்கு வரப்பு போலத் துடிப்புக்கு வெப்பம் தடையாக நிற்கிறது. அத்தடை நீங்கிய அளவுக்கு வேகம் பாய்கிறது.

இத்தடையின் இயல்பைச் சற்று நெருங்கிப் பார்த்தால் வரப்பு எவ்வளவு விரைவாக உயர்கிறது என்பது புலனாகும். செயலி உண்ணும் மின்னாற்றல் அதன் துடிப்புக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் வளர்கிறது. உண்ட மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளியேறும். கணக்கின் விடை என்ற வகையில் எடைபோடத்தக்க ஆற்றல் எதுவும் மிஞ்சுவதில்லை. 3.2 கிகாஹெர்ட்ஸை 4.5 ஆக்குவது துடிப்பை 1.4 மடங்காக்குவது. அத்துடிப்பில் பிழையின்றி ஓட மின்னழுத்தத்தை 1.1 வோல்ட்டிலிருந்து 1.3 ஆக்க வேண்டியிருந்தால் அதன் வர்க்கம் ஏறத்தாழ 1.4 மடங்காகும், இரண்டும் பெருகி வெப்பம் ஏறக்குறைய இருமடங்காகிறது. நூற்றுக்கு நாற்பது பங்கு வேகத்துக்கு நூறு பங்கு வெப்பம் என்னும் இந்தக் கணக்கு, ஓவர்கிளாக் செய்வோர் எவரும் தப்ப முடியாத கணக்கு. மேலும், சூடேறிய டிரான்சிஸ்டர் மெதுவாகத் திறக்கிறது, மூடிய நிலையிலும் மின்சாரத்தைக் கசியவிடுகிறது, அக்கசிவும் வெப்பமே. தான் தோற்றுவித்த வெப்பத்தாலேயே தான் தடுக்கப்படும் பொருள் செயலி.

வெப்பம் வெளியேறும் வழியும் ஒரே பொருளால் ஆனதன்று. சிலிக்கான் துண்டு, அதற்கும் மேல்மூடிக்கும் இடையே ஒரு பூச்சு அல்லது பற்றாசு, செம்பு மூடி, மூடியின்மேல் தெர்மல் பேஸ்ட், குளிர்விப்பானின் அடித்தளம், அதிலிருந்து தகடுகள், தகடுகளிலிருந்து காற்று என்று அது படிப்படியாகச் செல்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு வாட் வெப்பத்துக்கு இத்தனை பாகை என்ற அளவில் தடை உண்டு. அதனை வெப்பத்தடை என்பர். வெப்பத்தடை 0.3 ஆக உள்ள ஒரு குளிர்விப்பானின் அடித்தளம், 100 வாட் வெப்பத்தில் அறையைவிட 30 பாகை கூடுதலாக இருக்கும். அறையே 38 பாகையில் கொதிக்கும் கோடையில் அது 68 ஆகும், சில்லின் உள்ளே அதற்கும் மேல். 25 பாகை அறையில் சோதித்துப் புகழப்பட்ட குளிர்விப்பானை வெயில் நாட்டில் வாங்குவோர் அந்த 13 பாகை வேறுபாட்டைத் தாமே கூட்டிக்கொள்ள வேண்டும்.

தெர்மல் பேஸ்டின் இடம் இவ்வழியில் தனித்துக் கவனிக்கத்தக்கது. கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளும் நுண்ணளவில் மேடும் பள்ளமுமானவை. அவற்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மேடுகள் மட்டுமே தொட்டுக்கொள்ள, பள்ளங்களில் காற்று தங்கிவிடுகிறது. வெப்பத்தைக் கடத்தும் திறனில் செம்பு 400 என்றால் காற்று 0.026, பேஸ்ட் ஒன்றிலிருந்து பத்து வரை. ஆகவே பேஸ்டின் பணி உலோகத்துக்கு மாற்றாக நிற்பதன்று, காற்றுக்கு மாற்றாக மட்டுமே நிற்பது. பட்டாணி அளவு பேஸ்டை மூடியின் நடுவில் வைத்து, நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை எதிராகச் சிறிது சிறிதாக முறுக்கினால் அது மெல்லிய படலமாகப் பரவுகிறது. கெட்டியாகப் பூசினால் அதுவே புதிய தடையாகிவிடும். தடையை நீக்க வந்தது அளவு மிகுந்தால் தானே தடையாகும் என்னும் இச்செய்தி, வெளிப்பாட்டுக்கு உதவும் கருவிகளைப் பற்றிய தத்துவ நூல்களில் எதிர்பார்க்கும் அளவுக்குப் பேசப்படவில்லை.

அடித்தளத்திலிருந்து தகடுகளுக்கு வெப்பத்தைக் கொண்டுசெல்லும் வெப்பக்குழாயின் வரலாறு தனிச் சுவையுடையது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த காக்லர் 1944 இல் காப்புரிமை பெற்ற இவ்வமைப்பு பயனின்றிக் கிடந்து, 1963 இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவரால் விண்வெளி ஆற்றல் அமைப்புகளை நோக்கித் தனியாக மீண்டும் உருவாக்கப்பட்டது. மூடிய செம்புக் குழாய்க்குள் காற்றை வெளியேற்றிச் சிறிதளவு நீர் மட்டும் விடப்பட்டிருக்கும். அழுத்தம் குறைவாதலால் அந்நீர் தாழ்ந்த வெப்பநிலையிலேயே ஆவியாகி, சூடான முனையிலிருந்து குளிர்ந்த முனைக்கு விரைந்து, அங்கே வெப்பத்தை விட்டு நீராகி, உட்சுவரின் நுண்துளைத் திரி வழியே திரும்பி வருகிறது. இன்று சந்தையில் மிகப் பரவலான கோபுர வடிவக் குளிர்விப்பான்கள் அனைத்தும் இக்குழாய்களைக் கொண்டவை. கூலர் மாஸ்டரின் ஹைப்பர் 212 ஈவோ அவ்வகையில் நெடுங்காலம் மலிவுவிலை அளவுகோலாகக் கொள்ளப்பட்டது: நான்கு வெப்பக்குழாய்கள் செயலியின் மூடியை நேரே தொடும், 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று, உயரம் 159 மில்லிமீட்டர். ஒடுங்கிய கேபினெட் வைத்திருப்போர் அதை வாங்கிப் பொருத்திய பின்னர் பக்கக் கதவு மூடவில்லை என்று கண்டுகொள்வது வழக்கம்.

இதுவரை சொன்னவை சாங்கியர் பக்கம் சாய்கின்றன. எதிர்த்தரப்பாகிய நியாய மரபினரும் (நையாயிகர்) வைசேடிகரும் அசற்காரியவாதிகள். காரியம் தோன்றுமுன் முற்றிலும் இல்லாதது, அதற்கு முன் இன்மை என்னும் நிலை உண்டு, காரணங்கள் கூடியபின் அது புதிதாகவே பிறக்கிறது என்பது அவர்கள் கொள்கை. வெளிப்பாடு என்கிறீர்களே, அந்த வெளிப்பாடு முன்னரே இருந்ததா, புதிதா என்று அவர்கள் கேட்பர். முன்னரே இருந்தது என்றால் வரப்பை வெட்டுவானேன். புதிது என்றால் இல்லாதது தோன்றியதை ஒப்புக்கொண்டதாகும். இக்கேள்வி செயலியின் முன் வந்து நிற்கும்போது அதன் கூர்மை குறைவதில்லை, கூடுகிறது. ஒரே சிலிக்கான் வட்டில் அருகருகே பிறந்த இரு சில்லுகளுள் ஒன்று 4.7 இல் ஓட, மற்றது 4.3 இல் தடுமாறுகிறது. ஓவர்கிளாக் செய்வோர் இதனைச் சிலிக்கான் லாட்டரி என்பர். அன்றியும் 4.5 கிகாஹெர்ட்ஸ் என்பது சில்லுக்குள் ஒளிந்துகிடக்கும் ஒரு பொருள் அல்ல. இத்தனை மின்னழுத்தத்தில், இத்தனை பாகையில், இத்தனை நேரத்தில் சைகை பாதையைக் கடக்கிறது என்னும் உறவே அது. உறவு, அதனால் இணைபவை கூடுமுன் எங்கே இருக்கும் என்ற நையாயிகரின் கேள்விக்குச் சாங்கியர் எளிதில் விடை சொல்ல முடியாது.

நையாயிகரின் பக்கம் இன்னொரு வலுவும் உண்டு. அறிவு மெய்யானதென்று அவ்வறிவே தனக்குச் சான்று கூறாது, அதன்வழி நடந்து பயன் எய்துவதால் வெளியிலிருந்தே அது உறுதிப்படும் என்பது அவர்கள் கோட்பாடு. திரையில் 4.5 என்று தோன்றிவிட்டதால் செயலி 4.5 இல் சரியாக ஓடுகிறது என்று ஆகிவிடாது; கணினி முடங்காமலேயே தவறான விடைகளைத் தந்துகொண்டிருக்கக்கூடும். இதனால்தான் மிகப்பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட பிரைம்95 என்னும் மென்பொருள் ஓவர்கிளாக் செய்வோரின் உரைகல்லாயிற்று: முன்னமே விடை தெரிந்த கடினமான கணக்குகளை அது மணிக்கணக்கில் செய்யவைத்து, வந்த விடையைத் தெரிந்த விடையோடு ஒப்பிடுகிறது. அவ்வாறு உரைத்துப் பாராத வேகத்தை வெளிப்பட்ட வேகம் என்று சாங்கியரும் சொல்லத் துணியமாட்டார். குளிர்விப்பானின் தரமும் இந்நீண்ட சோதனையில்தான் தெரியவரும். முதல் நிமிடத்தில் எல்லாக் குளிர்விப்பான்களும் நல்லவையே.

இவ்விரு தரப்புக்கும் நடுவே தமிழ் மரபு வகுத்துக்கொண்ட வழி இங்குப் பெரிதும் பொருந்துகிறது. சைவ சித்தாந்தமும் சற்காரியவாதத்தையே ஏற்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் பிற சமயக் கொள்கைகளை விரிவாக மறுத்து அதனை நிறுவுகிறது. ஆயினும் சித்தாந்தம் காரணத்தை முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என மூன்றாகப் பிரித்து, குடத்துக்கு மண்ணை முதலாகவும், தண்டையும் சக்கரத்தையும் துணையாகவும், குயவனை நிமித்தமாகவும் கொள்கிறது. காரியம் இருப்பது முதற்காரணத்தில்தான். ஆனால் துணையும் நிமித்தமும் இன்றி அது ஒருபோதும் காரியமாகாது. இப்பகுப்பில் சில்லு முதற்காரணம், குளிர்விப்பானும் மதர்போர்டின் மின்வழங்கு பகுதியும் துணைக்காரணங்கள், பயன் கருதி இவற்றைக் கூட்டும் மனிதர் நிமித்தம். சில்லுக்குச் சில்லு வேறுபடும் திறன் முதற்காரணத்தின் வேறுபாடு என்று அமைதி கூறலாம். உறவாக உள்ள வேகத்தை மூன்றும் கூடியவிடத்து வெளிப்படும் ஆற்றல் என்று சொல்லலாம். நையாயிகரின் கேள்வி இதனால் முற்றும் அடங்கிவிடாது என்பது உண்மையே. ஆனால் கடைக்குச் செல்பவர்க்கு வேண்டிய தெளிவு இதில் உள்ளது: துணைக்காரணத்தைப் பெருக்குவதால் முதற்காரணம் பெருகுவதில்லை.

2014 ஆம் ஆண்டின் பென்டியம் ஜி3258 இதனை நன்கு விளக்கியது. பென்டியம் என்னும் பெயரின் இருபதாம் ஆண்டை ஒட்டி இன்டெல் வெளியிட்ட இச்செயலி இரண்டு கருக்கள் மட்டுமே உடையது. கரு என்பது தனித்துக் கணக்குச் செய்யவல்ல பகுதி. துடிப்பு 3.2 கிகாஹெர்ட்ஸ், வெப்ப வரம்பு 53 வாட், விலை 72 டாலர். பெருக்கு எண்ணுக்குப் பூட்டு இல்லை. பலர் ஏறத்தாழ 30 டாலருக்குக் கிடைத்த ஒரு கோபுரக் குளிர்விப்பானைச் சேர்த்து 4.5 கிகாஹெர்ட்ஸ் அளவுக்கு அதனைக் கொண்டுசென்றனர். ஒரே கருவை நம்பி ஓடும் மென்பொருள்களில் அது தன்னைவிட மும்மடங்கு விலையுள்ள செயலிகளோடு தோள் உரசியது. ஆனால் அவ்வாண்டின் நவம்பரில் வந்த ஃபார் கிரை 4 என்னும் விளையாட்டு, ஒரே வேளையில் ஓடும் நான்கு கணிப்பு இழைகளை எதிர்பார்த்து எழுதப்பட்டதால், இரண்டு இழைகளே ஓட்டவல்ல இத்தகைய இரு கருச் செயலிகளில் தொடங்கவே மறுத்து வெறும் கருந்திரையைக் காட்டியது. 4.5 என்ன, 6 கிகாஹெர்ட்ஸ் ஆனாலும் அங்கு வேறுபாடு இல்லை. நான்கு இழைகளை ஓட்டும் திறன் அந்த முதற்காரணத்தில் இல்லை. இல்லாததை உலகின் எந்தக் குளிர்விப்பானும் வெளிப்படுத்தப் போவதில்லை. காரிகையின் முதல் காரணத்துக்கு இதைவிடக் கறாரான எடுத்துக்காட்டை அதன் உரையாசிரியர்கள் கண்டிருக்க முடியாது.

இதிலிருந்து செலவின் அளவும் பெறப்படும். மலிவான செயலியில் குளிர்விப்பானுக்குச் செலவிடத்தக்க தொகையின் உச்சவரம்பு, அச்செயலிக்கும் அதற்கு அடுத்த படியிலுள்ள செயலிக்கும் இடையிலான விலை வேறுபாடு. 72 டாலர் செயலியின்மேல் அன்று 90 டாலர் அளவில் விற்ற நாக்டுவாவின் என்எச்-டி15 போன்ற இரட்டைக் கோபுரத்தை வைத்தவர், அதே பணத்தில் நான்கு கருவுள்ள செயலி ஒன்றை வாங்கிப் பெட்டியோடு வந்த சிறு குளிர்விப்பானையே வைத்திருக்கலாம். அவ்வளவு பெரிய கோபுரத்தின் பெரும்பகுதித் திறன் அங்கு வீணே போகும். ஜி3258 இல் சில்லுக்கும் மூடிக்கும் இடையே பற்றாசுக்குப் பதில் பேஸ்டே இருந்ததால், வெப்பம் தேங்கிய இடம் மூடிக்கு உள்ளே. வெளியே எவ்வளவு செம்பைக் குவித்தாலும் உள்ளிருக்கும் அத்தடை குறையாது. மறுபுறம், பெட்டியோடு வரும் வட்ட அலுமினியத் துண்டும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளும் இருமடங்கு வெப்பத்துக்குப் போதமாட்டா. ஒரு 120 மில்லிமீட்டர் விசிறியும் மூன்று நான்கு வெப்பக்குழாய்களும் உடைய எளிய கோபுரம், கேபினெட்டின் பின்புறம் காற்றை வெளித்தள்ளும் ஒரு விசிறி. மலிவுவிலைக் கணினிக்குத் துணைக்காரணம் இவ்வளவில் நிறைவுறுகிறது. நீர்க்குளிர்விப்புப் பற்றி இங்கே பேச வேண்டிய தேவையே இல்லை.

தடைகள் எல்லாம் ஒரே இயல்பின அல்ல என்பதைப் பதஞ்சலியின் உழவன் சொல்லித் தருவதில்லை. வெப்பம் பொருளோடு உடன்பிறந்த தடை. சித்தாந்தம் ஆன்மாவைப் பற்றிய மாசாகிய ஆணவ மலத்தைச் செம்பின் களிம்போடு ஒப்பிட்டு, என்று செம்பு உண்டோ அன்றே களிம்பும் உண்டு என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. செலரானின் பெருக்கு எண்ணைப் பூட்டியது வேறொருவரின் விருப்பத்தால் வந்த தடை. சித்தாந்தத்தில் இதற்கும் ஓர் இணை உண்டு. இறைவனின் ஐந்தொழில்களுள் ஒன்றான மறைத்தல், திரோதானம் எனப்படுவது, ஆன்மா தன் வினைப்பயனை நுகர்ந்து பக்குவம் அடையும்வரை மெய்யை மறைத்துவைக்கும் அருளாகவே கொள்ளப்படுகிறது. நிறுவனத்தின் பூட்டை இதனோடு ஒப்பிட முற்பட்டால் ஒப்புமை பாதியில் முறிந்துவிடும்: திரோதானம் மறைக்கப்படுபவரின் நன்மைக்கானது, பூட்டோ விலைப்படிகளைக் காக்கவே பெரிதும் பயன்பட்டது. எனினும் அப்பூட்டுக்கு ஒரு நியாயம் இருந்ததை மறுக்க முடியாது. மலிவான செயலிகளை விரைவானவையென மறுமுத்திரை குத்தி விற்ற மோசடி தொண்ணூறுகளில் உண்மையாகவே நடந்தது. பூட்டு அதனைக் கடினமாக்கியது. எவ்வாறாயினும் இவ்வகைத் தடையைக் குளிர்விப்பானால் நீக்க இயலாது. பெருக்கு எண்ணும் பெருக்கப்படும் எண்ணும் ஒருங்கே பூட்டப்பட்ட செயலிக்கு ஓவர்கிளாக் கருதிப் பெரிய குளிர்விப்பான் வாங்குவது நீரில்லாத வயலின் வரப்பை வெட்டுவதற்கு ஒப்பாகும்.

இன்றைய செயலிகளில் இந்நிலை மேலும் மாறியுள்ளது. இன்டெல்லின் ஐ5-12400 இன் அடிப்படைத் துடிப்பு 2.5 கிகாஹெர்ட்ஸ், உச்சத் துடிப்பு 4.4, அடிப்படை ஆற்றல் வரம்பு 65 வாட், உச்ச வரம்பு 117. வெப்பமும் மின்னாற்றலும் இடங்கொடுக்கும் அளவுக்குச் செயலி தானே இவற்றிடையே ஏறி இறங்குகிறது. ஒரு காலத்தில் பி21 முனையில் ஒட்டுநாடா ஒட்டியவர்கள் செய்ததைத் தயாரிப்பாளரே தம் சில்லுக்குள் எழுதிவைத்துவிட்டார் எனலாம். 2.5 இயல்பா, 4.4 இயல்பா என்று கேட்டால் நிறுவனத்தின் விவரத்தாள் இரண்டையும் காட்டுகிறது.

சற்காரியவாதத்தை ஏற்பவர்கள் ஏற்றே ஆகவேண்டிய, ஆனால் இத்துறையில் அடிக்கடி மறக்கப்படும் முடிவு ஒன்று உண்டு. வேகம் சில்லுக்குள் முன்னரே இருந்தது என்றால் அதன் அழிவும் அங்கேயே இருந்தது. அழிவு என்பது காரியம் தன் காரணத்துள் ஒடுங்குதலே என்பது சாங்கியரின் சொந்தக் கூற்று. சில்லின் மெல்லிய உலோகக் கம்பிகளில் பாயும் எலக்ட்ரான்கள் அவ்வுலோக அணுக்களைச் சிறிது சிறிதாக இடம்பெயர்த்து, காலப்போக்கில் கம்பியை அறுத்துவிடுகின்றன. 1969 இல் மோட்டோரோலாவின் ஜேம்ஸ் பிளாக் இதற்கு வகுத்த சமன்பாட்டின்படி, மின்னோட்டம் செறியச் செறியவும் வெப்பம் ஏற ஏறவும் கம்பியின் ஆயுள் விரைந்து குறைகிறது. குளிர்விப்பான் இவற்றுள் வெப்பத்தை மட்டுமே தணிக்கும். 2002 இல் வந்த நார்த்வுட் வகைப் பென்டியம் 4 செயலிகளை 1.7 வோல்ட்டுக்கு மேல் ஓட்டியவர்களுள் பலர், நல்ல குளிர்விப்பான்கள் இருந்தும், சில மாதங்களிலேயே அவை முன்னறிவிப்பின்றி மாண்டதைக் கண்டனர். பெட்டியில் பொறித்த எண், இவ்வகையில், சில்லின் உச்சத்தைப் பற்றிய கூற்றாகவே இல்லை. எந்தச் சில்லும், எந்த அறையிலும், பல ஆண்டுகள் பிழையின்றி ஓடும் என்ற வாக்குறுதி அது. 300 என்று பொறித்த நிறுவனம் பொய் சொல்லவில்லை, 450 இல் ஓட்டியவரும் பொய்யைக் கண்டுபிடிக்கவில்லை.

மாற்றுச் செயலி வாங்க வழியில்லாத மலிவுவிலைக் கணினிக்காரர்க்கு இவ்வேறுபாடு மிக நெருக்கமானது. அவர் முதலில் கண்டறிய வேண்டியது, மின்னழுத்தத்தைச் சிறிதும் கூட்டாமல், எளிய கோபுரக் குளிர்விப்பானின் துணையோடு மட்டும், பிரைம்95 சோதனையில் தன் சில்லு தேறும் மிக உயர்ந்த துடிப்பு எது என்பதை. அதுவரை கிடைத்த ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸையும் குளிர்விப்பான் நீக்கிய தடையின் பயன் என்று கொள்ளலாம். அதற்கு மேல் 100 மெகாஹெர்ட்ஸ் பெற மின்னழுத்தத்தை 0.05 வோல்ட் ஏற்ற வேண்டியிருந்தால், அந்த நூறு வருவது வரப்பை வெட்டியதால் அன்று, சில்லின் எஞ்சிய ஆண்டுகளிலிருந்து.